ஒனிடாமாவில் ஏன் இவ்வளவு சீக்கிரம் தோற்கிறோம்?

நண்பர் ஒருவர் உங்களுக்கு ஒனிடாமா என்ற, இருவர் ஆடும் பலகை ஆட்டத்தின் பெட்டியைக் கொடுத்திருக்கிறார். விதிகளைப் படிக்கப் பத்து நிமிடம் கூட ஆகவில்லை, ஆனால் ஒன்பது வயது மகளிடமே வரிசையாகத் தோற்கிறீர்கள். செஸ் ஓரளவு ஆடுவீர்கள். "எனக்குச் சீட்டு சரியாக விழவில்லையா, விதியையே தப்பாகப் புரிந்துகொண்டேனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, இன்னொரு செட் வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா என்றும். எப்படி ஆடுவது என்று உங்கள் கேள்வியின் தலைப்பில் எழுதியிருந்தாலும், அந்த ஆட்டத்தில் எதைப் பார்த்து ஆடுவது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது என்று எடுத்துக்கொள்கிறேன். விதி உங்களுக்குத் தெரியும். ஆனாலும் அதை ஒருமுறை சொல்லிவிட்டே மேலே போகிறேன், ஏனென்றால் தோல்விக்கான காரணம் விதியின் ஒரு சின்ன வரியில் ஒளிந்திருக்கிறது.

நான் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுப்பவன். வகுப்பு முடிந்து பெற்றோர் வரும்வரை நேரம் போக்க இந்த ஆட்டத்தை வாங்கி வைத்தேன், இப்போது பல வருடங்களாக மேஜையிலேயே கிடக்கிறது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் ஆடியிருப்பேன். போட்டிகளில் ஆடியதில்லை, அதனால் கீழே விதி என்று சொல்வதை நம்பலாம், யுக்தி என்று சொல்வதை என் மேஜையின் அனுபவம் என்ற அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டம் ஜப்பானில் 2014-ல் வெளிவந்தது, வடிவமைத்தவர் சிம்பெய் சாட்டோ. பின்னர் ஆர்க்கேன் வொண்டர்ஸ் நிறுவனத்தின் ஆங்கிலப் பதிப்பு வழியாக உலகம் முழுக்கப் பரவியது. பலகையில் ஐந்துக்கு ஐந்து, மொத்தம் 25 கட்டங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குருவும் நான்கு சீடர்களும். குரு தன் பக்கத்து முதல் வரிசையின் நடுக்கட்டத்தில் நிற்பார். அந்தக் கட்டம்தான் கோயில் வாசல். சீடர்கள் இருபுறமும் இரண்டு இரண்டாக நிற்பார்கள். பெட்டியில் 16 சீட்டுகள் உண்டு: புலி, டிராகன், தவளை, முயல், நண்டு, யானை, வாத்து, சேவல், குரங்கு, கும்பிடுபூச்சி, குதிரை, எருது, கொக்கு, காட்டுப்பன்றி, விலாங்கு, நாகம். இந்தப் பெயர்களில் சில சும்மா வைத்தவை இல்லை. தென்சீனத் தற்காப்புக் கலையில் ஐந்து விலங்கு முறை என்று ஒன்று உண்டு: புலி, கொக்கு, சிறுத்தை, பாம்பு, டிராகன். அதில் சிறுத்தை தவிர நான்கும் இந்தச் சீட்டுக்கட்டில் இருக்கின்றன. கும்பிடுபூச்சி முறை வடசீனத்தில் தனியாகவே பேர்போனது.

ஒரு ஆட்டத்துக்கு ஐந்து சீட்டுகள்தான். கலைத்து ஆளுக்கு இரண்டு, எல்லாருக்கும் தெரியும்படி முகம் மேலே வைத்து. ஐந்தாவது சீட்டு ஓரத்தில். அதில் இருக்கும் நிற முத்திரை யாருடைய நிறமோ அவர் முதலில் ஆடுவார், சீட்டு அவருடைய வலப்பக்கம் இருக்கும். உங்கள் முறை வந்தால் கையிலுள்ள இரண்டில் ஒரு சீட்டைத் தேர்ந்தெடுத்து, அதில் காட்டியிருக்கும் கட்டங்களில் ஒன்றுக்கு உங்கள் காய் எதையாவது நகர்த்துகிறீர்கள். அங்கே எதிராளியின் காய் இருந்தால் வெட்டு. பிறகு ஆடிய சீட்டை எதிராளியைப் பார்க்கும்படி திருப்பி உங்கள் இடப்பக்கம் வைத்துவிட்டு, வலப்பக்கம் காத்திருக்கும் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்கிறீர்கள். எதிராளியின் குருவை வெட்டினால் வெற்றி, இதைக் கல்லின் வழி என்பார்கள். உங்கள் குரு எதிராளியின் கோயில் வாசலுக்குப் போய் நின்றாலும் வெற்றி, அது ஓடையின் வழி. அவ்வளவுதான் ஆட்டம்.

இதில் வழக்கமாகத் தப்பாக ஆடப்படுபவை சில. எல்லாக் காயும் செஸ் குதிரை மாதிரி தாண்டிப் போகும். நடுவில் யார் நின்றாலும் தடை இல்லை, போய்ச் சேரும் கட்டத்தில் உங்கள் காய் இருக்கக்கூடாது, அது மட்டும்தான். குருவும் வெட்டலாம், சீடனைப் போலவே நகர்வார். சீடன் எதிராளியின் வாசலில் போய் நின்றால் ஒன்றும் ஆகாது, குரு போனால்தான் வெற்றி. உங்கள் முறையை வேண்டாம் என்று விடமுடியாது. இரண்டு சீட்டிலும் ஒரு காயைக் கூட நகர்த்தமுடியாத நிலை அபூர்வமாக வரும், அப்போதும் ஒரு சீட்டைக் கொடுத்து மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும். இவற்றில் எதையாவது வேறு மாதிரி ஆடிக்கொண்டிருந்தீர்கள் என்றால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

சரி, அதிர்ஷ்டம். சீட்டு விழுவதில் கொஞ்சம் இருக்கிறது. 16-ல் 5 எடுக்க 4,368 வழிகள் உண்டு, அதில் எது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் பங்கிட்ட பிறகு அதிர்ஷ்டத்துக்கு வேலையே இல்லை. மறைந்திருக்கும் சீட்டு எதுவும் கிடையாது, பகடை கிடையாது. உங்கள் மகளின் கையிலிருக்கும் யானைச் சீட்டு அவள் ஆடியதும் உங்கள் பக்கம் வரும். அந்த வகையில் இது ரம்மியைவிட நம் ஆடுபுலி ஆட்டத்துக்குத்தான் உறவு, எல்லாம் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கும். ஆகவே சீட்டு விழவில்லை என்ற சமாதானம் இங்கே செல்லாது. ஒரே விதிவிலக்கு, யார் முதலில் ஆடுவது என்பது. அதையும் சீட்டுதான் தீர்மானிக்கிறது. சில ஐந்துகளில் முதலில் ஆடுபவருக்குச் சாதகம் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. பொதுவாக இப்படித்தான் என்று சொல்ல நான் துணியமாட்டேன்.

இப்போது தோல்விக்கு வருவோம். செஸ் தெரிந்தவர்கள் எல்லாரும் முதலில் விழும் குழி ஒன்றுதான், நானும் அதில் விழுந்தேன். செஸ்ஸில் ஒரு காயை முன்னே தள்ளும்போது, பின்னால் இன்னொரு காய் அதற்குக் காவல் நிற்கிறதா என்று பார்க்கிறோம். காவல் இருந்தால் நிம்மதி. ஒனிடாமாவில் காவல் என்பது காயின் குணம் இல்லை, சீட்டின் குணம். அந்தச் சீட்டோ, நீங்கள் நகர்த்திய அதே நொடியில் கையைவிட்டுப் போய்விடுகிறது.

ஒரு உதாரணம். உங்கள் கையில் காட்டுப்பன்றியும் கும்பிடுபூச்சியும். ஓரத்தில் உங்களுக்காகக் கொக்கு காத்திருக்கிறது. காட்டுப்பன்றி நேர் முன்னே ஒன்று, இடம் ஒன்று, வலம் ஒன்று போகும். பலகையின் மூன்றாவது வரிசையில், நடுக்கட்டத்துக்கு இடப்பக்கம் ஒரு சீடன் நிற்கிறான். நடுக்கட்டத்துக்கு நேர் கீழே இன்னொருவன். மற்ற இருவரும் முதல் வரிசை மூலைகளை விட்டு அசையவில்லை, குருவும் வாசலிலேயே. காட்டுப்பன்றியால் கீழே நிற்பவனை நடுக்கட்டத்துக்கு ஏற்றுகிறீர்கள். பக்கத்தில் இன்னொருவன் நிற்கிறான், யாராவது வெட்டினால் அவன் வலப்பக்கம் ஒரு எட்டு வைத்துத் திருப்பி வெட்டுவான் என்று கணக்கு. ஆனால் வலப்பக்கம் ஒரு எட்டு வைக்கச் சொன்ன காட்டுப்பன்றி இப்போது உங்கள் கையில் இல்லை. இருப்பது கும்பிடுபூச்சியும் புதிதாக எடுத்த கொக்கும். கும்பிடுபூச்சி முன்னே இரு மூலைகளுக்கும் பின்னே ஒன்றும் போகும், கொக்கு முன்னே ஒன்றும் பின்னே இரு மூலைகளுக்கும் போகும். பக்கவாட்டில் போக இரண்டுக்கும் தெரியாது. எதிராளி குரங்கை எடுத்து மூலைவாட்டில் வந்து வெட்டிவிட்டுப் போவார், நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் நான் பிள்ளைகளைச் சொல்லவைப்பது ஒரே ஒரு வரி: "இதை ஆடினால் என் கையில் மிஞ்சுவது எது, சேருவது எது?" மிஞ்சும் சீட்டும் ஓரத்துச் சீட்டும்தான் உங்கள் காவல். இப்போது கையில் இருக்கும் இரண்டும் இல்லை. இந்தக் கணக்கைப் பழகியவர்கள் தோற்பது சட்டென்று குறைந்துவிடுகிறது. பெரும்பாலும் வேறெதுவுமே நான் சொல்லித்தரவேண்டி வருவதில்லை.

அடுத்தது, கொடுத்த சீட்டு எப்போது திரும்பி வந்து குத்தும் என்பது. உடனே குத்தாது. நீங்கள் புலியை ஆடினால், எதிராளி தன் கையிலிருக்கும் இரண்டில் ஒன்றை ஆடிய பிறகுதான் அதை எடுப்பார். அதற்கு அடுத்த முறைதான் அவரால் புலியை ஆடமுடியும். நடுவில் உங்களுக்கு ஒரு முறை உண்டு. அந்த ஒரு முறைதான் உங்கள் மூச்சு. புலி மட்டுமே ஒரே தாவலில் நேர் முன்னே இரண்டு கட்டம் போகும் சீட்டு. ஆகவே உங்கள் குரு வாசலில் இருக்கும்போது எதிராளியின் காய் ஒன்று பலகையின் நட்டநடுக் கட்டத்தில் நின்று, கையில் புலியும் இருந்தால், அடுத்த அடி உங்கள் குருவின் தலையில். கவனிக்கவேண்டியது, அவர் நடுக்கட்டத்துக்கு வருவதும் புலியைக் கையில் எடுப்பதும் ஒரே முறையில் நடந்துவிடும். நீங்கள் புலியை விடும்போது நடுக்கட்டத்துக்கு வரக்கூடிய காய் அவரிடம் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், இருந்த ஒரு முறையும் குருவை நகர்த்துவதிலேயே கழியும்.

அப்படியானால் புலியைக் கையிலேயே வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றும். வைத்துக்கொள்ளலாம், தடை இல்லை. நீங்கள் ஆடாதவரை அது எதிராளிக்குக் கிடைக்காது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்றைப் பூட்டி வைத்துவிட்டால் உங்களுக்கு ஆட மிஞ்சுவது மற்ற ஒன்று மட்டும். அதை ஆடியதும் எதிராளி விட்ட சீட்டு வரும், அடுத்த முறை அதைத்தான் ஆடியாக வேண்டும். அதாவது எதிராளி போன முறைக்கு முந்தின முறை எதை ஆடினாரோ அதையே நீங்கள் ஆடுவீர்கள். உங்கள் சீட்டை அவர் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறார். பூட்டு உங்கள் கையில் இருக்க, கட்டுப்பட்டுக் கிடப்பதும் நீங்களே. இரண்டு மூன்று முறை பூட்டி வைப்பது நல்ல மிரட்டல். ஆட்டம் முழுக்கப் பூட்டி வைத்தவர்கள் எங்கள் மேஜையில் ஜெயித்தது குறைவு.

ஓடையின் வழியைப் பற்றிச் சுருக்கமாக. செஸ் பழக்கத்தில் ராஜாவை மறைத்து வைப்போம், அதனால் குரு நடந்துபோய் ஜெயிப்பார் என்பதே நினைவில் நிற்காது. உங்கள் மகள் பெரும்பாலும் இப்படித்தான் ஜெயிக்கிறாள் என்று ஊகிக்கிறேன், பிள்ளைகளுக்கு இந்த வழிமேல் ஆசை அதிகம். புலியைத் தவிர எந்தச் சீட்டும் ஒரே முறையில் ஒரு வரிசைக்கு மேல் முன்னேறாது. ஆகவே வாசலிலிருந்து வாசலுக்குக் குறைந்தது நான்கு முறை வேண்டும், புலியை ஒருமுறை கலந்தால் மூன்று. இந்த எண்ணிக்கையை மனத்தில் வையுங்கள். சீடர்கள் நிறைய இருக்கும்போது குருவின் நடைப்பயணம் தற்கொலை. இரண்டு பக்கமும் காய் குறைந்த பிறகு, தடுக்க ஆளே இல்லாத பாதை திறந்துகொள்ளும். யாருடைய குரு ஓரடி முன்னே நிற்கிறாரோ அவர் பக்கம் ஆட்டம் சாயும்.

ஆட்டம் தொடங்குமுன் அரை நிமிடம் அந்த ஐந்து சீட்டுகளையும் வெறுமனே பாருங்கள். நண்டு, யானை, காட்டுப்பன்றி மூன்றும் பின்வாங்கத் தெரியாதவை. ஐந்தில் இரண்டு மூன்று இப்படி இருந்தால் முன்னே அனுப்பிய காய் திரும்பாது என்று வைத்துக்கொள்ளுங்கள். நேர் முன்னே போகத் தெரிந்தவை புலி, நண்டு, குதிரை, எருது, கொக்கு, காட்டுப்பன்றி என ஆறு மட்டுமே. இவற்றில் ஒன்றும் வராத ஆட்டத்தில், ஒரு காய்க்கு நேர் எதிரே முன்னால் நிற்கும் காயால் அதை வெட்ட வழியே இல்லை. டிராகன், யானை, வாத்து, சேவல், குரங்கு ஐந்துக்கும் நான்கு நகர்வுகள். புலிக்கு இரண்டே இரண்டு, முன்னே இரண்டு கட்டம் அல்லது பின்னே ஒன்று. மற்ற பத்துக்கும் மூன்று.

எது பலமான சீட்டு என்றும் கேட்பீர்கள். இது என் கருத்து மட்டும்: பிள்ளைகள் புலியையும் டிராகனையும் விரும்புகிறார்கள், நான் யானையைத்தான் அஞ்சுகிறேன். முன்னே இரு மூலைகளையும் பக்கவாட்டில் இரு கட்டங்களையும் சேர்த்துக் காவல் காக்கிறது. ஆனால் இங்கே பலமான சீட்டு என்பதே கொஞ்சம் விசித்திரமான பேச்சு, ஏனென்றால் அதை ஆடியதும் அது எதிராளியுடையது. யானையை வைத்து ஒரு சீடனை வெட்டிவிட்டு, அதே யானையிடம் குருவைப் பறிகொடுத்தவன் நான். வெட்டியவன் என் மாணவன், பதினொரு வயது. "சார், நீங்கதானே குடுத்தீங்க" என்றான்.

எப்படித் தொடங்குவது என்பதில் உறுதியாக ஒன்றும் சொல்லமாட்டேன், சீட்டு மாறும்போது எல்லாமே மாறிவிடும். செஸ்ஸில் போல மனப்பாடத் தொடக்கம் இங்கே உதவாது. நான் செய்வது, முதல் இரண்டு முறை சீடர்களை இரண்டாம் வரிசைக்கு நடுப்பக்கம் நகர்த்தி, எதிராளி எந்தச் சீட்டைப் பிரிய யோசிக்கிறார் என்று கவனிப்பது. அவர் விடத் தயங்கும் சீட்டில்தான் அவருடைய திட்டம் இருக்கும்.

மகளோடு ஆட ஒரு யோசனை. சில ஆட்டங்களுக்குச் சீட்டைத் திருப்பி வைக்கும்போது "இனி குரங்கு உனக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், அவளும் சொல்லட்டும். குருவுக்கு ஆபத்து என்றால் செக் மாதிரி எச்சரிப்பதும் நாங்கள் செய்வதுதான். அப்புறம் ஒரே நிலை மூன்று முறை திரும்பி வந்தால் சமன் என்று முடித்துக்கொள்வோம். இவை விதிப்புத்தகத்திலிருந்து வந்தவை இல்லை, எங்கள் வழக்கம்.

கூடுதல் சீட்டுகள் வேண்டுமென்றால் 2017-ல் வந்த சென்செய்ஸ் பாத் என்ற தொகுப்பில் இன்னும் 16 இருக்கின்றன. அதே விதி, புது நகர்வுகள். வே ஆஃப் தி விண்ட் என்ற இன்னொன்றில் இருவரும் நகர்த்தக்கூடிய பொதுக்காய் ஒன்று வரும், நகர்த்தும் முறையும் கொஞ்சம் மாறும். முதல் பதினாறே அலுக்காதபோது அவசரம் எதற்கு என்பேன்.

இன்னொரு செட் வீட்டில் செய்வது சுலபம். அட்டையில் 25 கட்டம், காய்க்கு இரண்டு நிறச் சட்டைப் பொத்தான்கள் ஐந்தைந்து, குருவுக்குக் கொஞ்சம் பெரிய பொத்தான். சீட்டில் நடுவே காயின் இடத்தைக் கறுப்பாக்கி, போகும் கட்டங்களுக்கு வேறு நிறம் கொடுங்கள். மேல்பக்கம் எது என்று மறக்காமல் ஓர் அம்புக்குறி போட்டு, பெயரையும் எழுதிவிடுங்கள். நான் முதலில் செய்த செட்டில் அதை விட்டுவிட்டேன். வாத்து, சேவல், குரங்கு மூன்றையும் எப்படித் திருப்பினாலும் அதே நகர்வுதான், பிரச்சினை இல்லை. ஆனால் குதிரையைத் தலைகீழாக வைத்தால் அது எருதாகிவிடும், விலாங்கைத் தலைகீழாக வைத்தால் நாகம். இரண்டு எருதுகளோடு ஓர் ஆட்டம் பாதிவரை போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.